உருக்காலைப் படத்தில் ஓர் அம்புக்குறி

மச்சான்,

இன்று காலை காஸ் சிலிண்டர் மாற்றும்போது கொஞ்சம் கசிந்துவிட்டது. அந்த நெடி ஏறியதும் நான் முற்றத்துக்கு ஓடிவிட்டேன். "ஒரு சிலிண்டருக்கே இந்த ஓட்டமா அப்பா?" என்று மகள் சிரித்தாள். சிரிக்கட்டும். எனக்கு உன் நினைவு வந்துவிட்டது.

அப்போது சண்டைக் காலம்; மகள் சின்னப் பிள்ளை. நம் ஊர் வவுணதீவில் கரண்ட் இல்லை; குப்பி விளக்குத்தான். கொரியாவில் உருக்காலை வேலையிலிருந்து நீ விடுமுறையில் வந்திருந்தாய். "இரும்பு உருக்கிற உலையில இருந்து வாற கழிவு வாயுவைக் குழாயில பிடிச்சு எரிக்கிறாங்கள். மறுகா அந்தச் சூட்டில நீராவி, நீராவி சக்கரத்தைச் சுத்த கரண்ட்!" என்றாய். முன்பு நீ இருந்த நாட்டில் அதே வாயுவைச் சும்மா கொளுத்தி வானத்துக்கு விட்டார்களாம். சொல்லும்போதே உனக்கு வயிறெரிந்தது.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிம்மதியாக விட்ட எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகளின் கொப்பித் தாளில் உலை, குழாய், வாயுத் தாங்கி எல்லாம் கீறிக் காட்டினாய். நான் சும்மா இருந்தேனா? நீளமாக ஓர் அம்புக்குறி இழுத்து, 'வவுணதீவுக்கு' என்று எழுதினேன். "எங்கட ஊருக்கும் கொஞ்சம் அனுப்பு மச்சான்!" வயிறு நோகச் சிரித்தோம். தாளை என் சட்டைப் பையில் வைத்து மறந்தும் போனேன்.

மறுநாள் இருவரும் டவுனுக்குப் போகையில், பாலத்து இராணுவச் சென்றியில் என் பையைச் சோதிக்க அந்தத் தாள் அகப்பட்டது. டோர்ச் பற்றறி இருந்தாலே விசாரிக்கும் இடம் அது. வாயு, குழாய், 'வவுணதீவுக்கு' என்று தமிழ் தெரிந்த ஒருவர் வாசித்துச் சொன்னதும், குண்டுப் படமென்று நினைத்துத் துவக்குகள் நிமிர்ந்தன.

"இது ஆர் எழுதினது?"

  என் வலக்கை எப்படியோ எழும்பி உன்னைக் காட்டியது.

நீ என்னை ஒரே ஒரு தரம் பார்த்தாய். "ஓம் ஐயா, எல்லாம் நான்தான். இவனுக்கு ஒண்டும் தெரியா."

உன்னை மூன்று நாள் பிடித்து வைத்திருந்தார்கள். வாகனச் சத்தம் கேட்டாலே கக்கூசுக்குள் ஓடிக் கதவைச் சாத்தினேன். உன் அம்மா வந்து, "தம்பி, நீ கூடத்தானே போன நீ, என்னத்துக்குடா பிடிச்சவங்கள்?" என்று கேட்டா. தெரியாது என்றேன்.

நாலாம் நாள் காதோரம் வீங்கிப்போய் வந்தாய். "அவங்களுக்கும் படிப்பிச்சிட்டு வாறன் மச்சான். உன்னைவிடக் கெதியா விளங்கிட்டு." அம்மாவிடம் ஒரு சொல் சொல்லவில்லை நீ. அடுத்த கிழமை கொரியாவுக்குப் போனவன், ஊருக்கு வரவேயில்லை. அங்கேயே கண்ணை மூடினாய். அம்மா அதற்கும் முன்னமே.

இன்றைக்கும் வீட்டில் ஒரு கோப்பை உடைந்து, "இது ஆர்?" என்று கேட்டால் போதும், என் வலக்கை எழும்பப் பார்க்கும். இடக்கையால் பிடித்துக்கொண்டு, "நான்தான்" என்பேன்.

பெரும்பாலும் உடைத்தது பூனையாக இருக்கும்.