அண்ணிக்கு ஒரு முழு டம்ளர்

அண்ணி,

இன்று காலை செங்கம் ரோட்டுக் காபிக் கடையில் ஒரு கண்ணாடி பாட்டிலை வாங்கினேன். கடை ஃப்ரிட்ஜை விட்டு வெளியே வந்ததும் அதற்குக் குப்பென்று வியர்த்தது. கையெல்லாம் ஈரம். துடைத்துக்கொள்ளத் துப்பட்டாவை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். நீங்களாக இருந்தால் துடைத்திருக்க மாட்டீர்கள். அந்த வியர்வையை ஒரு விரலால் வழித்து, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, உதட்டில் தடவிக்கொண்டிருப்பீர்கள். "இது கணக்குல வராது பாப்பா. குடிச்சாத்தானே கணக்கு?"

ஆமாம் அண்ணி, அதேதான். கோல்ட் ப்ரூ. எத்தனை வீடியோவில் பார்த்து வாய் ஊறியிருப்போம், அது. இன்றைக்குத்தான் முதன்முதலாக அந்தக் கடைக்குள் கால் வைத்தேன்.

கவுன்ட்டரில் இருந்த அக்கா நல்ல மாதிரி. நான் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைப் பார்த்து, ஒரு குட்டிக் கிளாஸில் கொஞ்சம் ஊற்றி என் பக்கம் தள்ளினார்.

"டேஸ்ட் பாத்துட்டு வாங்கிக்கோம்மா. சில பேருக்குப் புடிக்காது."

"வேணாங்க்கா. வீட்டுல ஒருத்தவங்க மொதல்ல குடிக்கணும்."

"அவங்களையும் இட்டுனு வந்திருக்கலாமில்ல?"

"அவங்க வீட்டுக்கு வந்துருவாங்கக்கா" என்றேன். பொய்யில்லை. இன்றைக்கு உங்களுக்கு முதல் வருஷப் படையல். படையலில் வைப்பதை முன்னாலேயே ருசி பார்க்கக் கூடாது. காபி என்றால் பேயாய் அலைகிற நான், இரண்டு வருஷமாய்க் காத்திருந்த நான், அந்தக் குட்டிக் கிளாஸையே பார்த்துக்கொண்டு நின்றேன். தேன் நிறத்துக்கும் கறுப்புக்கும் நடுவில் ஒரு நிறம். மோந்துகூடப் பார்க்கவில்லை.

உங்களுக்குச் சிறுநீரகம் பழுதான பிறகு நம் வீட்டில் தண்ணீருக்குக் காவல் வந்தது. ஒரு நாளைக்கு ஒரு பாட்டில்; அதிலும் அம்மா நெயில் பாலிஷால் கோடு போட்டு வைத்தாள். மாத்திரைக்கு அரை டம்ளர், சாப்பாட்டுக்கு அரை டம்ளர். சாம்பார் ஊற்றினால்கூடக் கரண்டியைப் பார்ப்பாள். உங்கள் மேல் கோபம் இல்லை அவளுக்கு. ஜாஸ்தி குடித்துவிட்டால் கால் வீங்கி, மூச்சு வாங்கி நீங்கள் உட்கார்ந்தபடியே தூங்குவதைப் பார்த்து அவள் பயந்திருந்தாள். வெயில் காலத்தில் நீங்கள் பானைப் பக்கம் போனாலே, எங்கிருந்தாலும் அவள் குரல் வரும்.

"ஏம்மா, அங்க இன்னா வேல?"

"பானை ரொம்பி இருக்குதான்னு பாத்தேன் அத்தே."

"அத நான் பாத்துக்கிறேன். நீ வா இந்தாண்ட."

அப்போதுதான் நீங்கள் என் செல்போனுக்குப் பங்காளி ஆனீர்கள். நான் அதில் காபி வீடியோவாய்ப் பார்த்துத் தள்ளுவேன். எந்த ஊர்க் கொட்டை, எவ்வளவு வறுப்பு என்று எல்லாம் அதிலேயே படித்து, வீட்டில் யாரும் கேட்காத பாடத்தை நடத்திக்கொண்டிருப்பேன். நீங்கள் பாடம் கேட்க வரவில்லை. கிளாஸில் ஐஸ் விழுகிற சத்தத்துக்காக வந்தீர்கள். "அந்த எடத்த மறுபடியும் போடு" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்பீர்கள். கண்ணை மூடிக்கொண்டு.

சூடே காட்டாமல், தூளைப் பச்சைத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்தால் கோல்ட் ப்ரூ. இவ்வளவுதானே, நாமே போட்டுவிடலாம் என்று நான் குதித்தது நினைவிருக்கிறதா? கடைத்தெருவில் வாங்கிய ஃபில்டர் காபித் தூள். பாதிக்குப் பாதி சிக்கரி. அண்ணனின் பழைய வேட்டியில் மூட்டை கட்டி, குண்டானில் ஊறப்போட்டோம். காலையில் திறந்து பார்த்தால் தார் மாதிரி கொழகொழவென்று ஒன்று. அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆட்டோவுக்கு ஆயில் மாத்தணும்னு நெனச்சினு இருந்தேன், நல்லதாப் போச்சு" என்றான். நீங்கள் சிரித்ததில் புரை ஏறியது. அம்மா அவசரமாய்த் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடி வந்தவள், பாதி வழியில் நின்று, கோடு போட்ட பாட்டிலைப் பார்த்தாள். கொடுக்கவா வேண்டாமா என்று தெரியாமல் அவள் நின்ற அந்த நிற்பு இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அந்தத் தாரைக் கொட்ட எனக்கு மனசு வரவில்லை. வடிகட்டி, சர்க்கரை போட்டு ஐஸ் தட்டில் ஊற்றி வைத்தேன். அதுதான் நம்முடைய கோல்ட் ப்ரூ ஆனது. வாயில் ஐஸ் வைத்துக்கொண்டால் தாகம் கொஞ்சம் அடங்கும் என்று டயாலிசிஸ் நர்ஸ் சொல்லியிருந்தார். மத்தியானம் ஒரே ஒரு காபிக் கட்டி, அதற்கும் அம்மாவின் அனுமதி. எனக்கும் ஒன்று. நான் கடக்கென்று கடித்துவிடுவேன். நீங்கள் தலையில் தட்டுவீர்கள். "கடிக்காத பாப்பா. வெச்சிக்கோ. அதுவாப் போவட்டும்."

டயாலிசிஸ் முடிந்து அண்ணன் ஆட்டோவில் திரும்பும்போதெல்லாம் அந்தக் கடை வழியாகத்தான் வருவோம். ஒரு நாள் வெளி மேசையில் ஒரு வெள்ளைக்காரர் எழுந்து போனார். அவர் கிளாஸில் பாதி அப்படியே இருந்தது, ஐஸ் மிதந்துகொண்டு. நீங்கள் ஆட்டோவிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தீர்கள். உங்களுக்கு அப்படி ஒரு கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை.

"பாருடி, பாதிய வெச்சிட்டுப் போறாரு!"

"கிட்னி மாத்துற ஆபரேஷன் ஆவட்டும் அண்ணி. ஆளுக்கு ஒரு கிளாஸ், இதே மேசை."

"எனக்கு நெறைய்ய இருக்கணும். தளும்பணும். மேல கொஞ்சம் கொட்டினாலும் பரவால்ல."

அண்ணன் கண்ணாடியில் நம்மைப் பார்த்துவிட்டு ஹாரன் அடித்தான். முன்னால் யாரும் இல்லை.

ஆபரேஷன் வரை நீங்கள் இருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் ஃப்ரீசரைத் திறந்தேன். ஐஸ் தட்டில் ஒரு குழியில் மட்டும் ஒரு காபிக் கட்டி. நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போன அன்று மத்தியானத்துக்கானது. எடுக்கவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஆனால் கரண்ட் போனால் அம்மா எங்கிருந்தாலும் கத்துவாள்: "ஃப்ரிட்ஜைத் தொறக்காதீங்கோ!" பாலுக்காகக் கத்துகிறாள் என்று முதலில் நினைத்தேன். பால் பாத்திரம் அடுப்பு மேடையில் இருந்தது.

ஃப்ரீசருக்குள்ளேயே ஐஸ் இளைக்குமாம், தெரியுமா? உருகாமலேயே. அந்தக் கட்டியும் மாசா மாசம் இளைத்தது, கடைசியில் நீங்கள் இளைத்த மாதிரி. அடுத்த வருஷம் வரை தாங்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

சுமங்கலியாய்ப் போனவர்களைப் பூவாடைக்காரியாய்க் கும்பிடுவது நம் வீட்டு வழக்கம். உங்களுக்கும் இன்று அதேபடி, புதுப் புடவை, பூ சுற்றிய செம்பு, தலைவாழை இலை. நீங்கள் விரும்பிச் சாப்பிட்டதெல்லாம் இலையில் வந்தது: காராமணிக் குழம்பு, வடை, வாசம் பட்டாலே உப்பு ஆகாது என்று அம்மா பிடுங்கிக்கொள்வாளே, அந்த எலுமிச்சை ஊறுகாய். நான் பாட்டிலைக் கொண்டுபோய் வைத்தேன். அம்மா பார்த்தாள்.

"இது இன்னாடி, சாராயக் கடை பாட்டிலாட்டம்?"

"காபிம்மா. அண்ணி ஆசப்பட்டது."

அம்மா உங்கள் டம்ளரைக் கழுவிக்கொண்டு வந்தாள். நான் ஃப்ரீசரிலிருந்து அந்தக் கட்டியை எடுத்து வந்தேன். விரலில் ஒட்டிக்கொண்டு விட மறுத்தது. டம்ளரில் விட்டேன். அம்மா பாட்டிலைச் சாய்த்தாள். டம்ளர் பாதி ஆனதும் நிறுத்தி, மூடியைத் திருகிவிட்டாள்.

அவளுக்கே தெரியவில்லை. கைப் பழக்கம். இரண்டு வருஷம் உங்களுக்கு அளந்த கை அது. மூடியைத் திருகி முடித்த பிறகுதான் தன் கையைப் பார்த்தாள்.

அண்ணன் பின்னாலிருந்து சொன்னான், "நெறைய ஊத்தும்மா. இனிமே இன்னா அளவு."

அம்மா ஊற்றினாள். தளும்பி, விளிம்பு தாண்டி, இலையில் கொட்டி, வடையெல்லாம் நனைந்தது. அவள் நிறுத்தவேயில்லை. அண்ணன்தான் மெதுவாகப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டான்.

கற்பூரம் காட்டிவிட்டு எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். வந்தவர் கூச்சமில்லாமல் சாப்பிட வேண்டும் இல்லையா. வாசலில் நின்றோம். தெருவில் கிரிவலம் போகிறவர்கள் ஒன்றிரண்டு பேர் செருப்பில்லாமல் நடந்துகொண்டிருந்தார்கள். அப்போது உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம்.

ஐஸ் விரிசல் விட்டால் அப்படித்தான் சத்தம் வரும். எனக்குத் தெரியும், நூறு வீடியோ பார்த்தவள். ஆனாலும் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அம்மா கதவில் நெற்றியை வைத்து, உள்ளே இருப்பவருக்குக் கேட்கிற மாதிரி, மெதுவாகச் சொன்னாள்.

"பொறுமையாக் குடி கண்ணு. நான் பாக்கல."

கதவைத் திறந்தபோது கட்டி கரைந்து போயிருந்தது. டம்ளர் நிறையவே இருந்தது. அம்மா முதல் வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "கஷாயத்த ஆற வெச்ச மாதிரி இருக்குது. இதுக்கா அவ அப்பிடித் தவிச்சா?" என்று சொன்னவள், மறுபடியும் ஒரு வாய் குடித்தாள். மறுபடியும்.

பிறகு என் முறை. எப்படி இருந்தது என்று சொல்கிறேன் அண்ணி, நீங்கள் கேட்பீர்கள். வீடியோவில் சொல்வது நிஜம்தான், கசப்பு கம்மி. முதலில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்து, பின்னால் கோக்கோ மாதிரி ஒரு வாசம், நுனியில் துளி புளிப்பு. அதற்கெல்லாம் அடியில், வீடியோவில் யாரும் சொல்லாத ஒரு ருசி. நம்முடைய சிக்கரி, நம்முடைய சர்க்கரை. அந்தக் கட்டி.

நான் உடனே விழுங்கவில்லை. கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டேன். அண்ணன் ஏதோ கேட்டான், பதில் சொல்ல வாயைத் திறக்கவில்லை. அது சூடாகி, வாயோடு வாயாகி, அதுவாய்ப் போகும்வரை வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் பாப்பா