நான் வானொலியில் வாசிக்காத பத்தி

உங்கள் வானொலி இப்போது என் மேசையில் இருக்கிறது. உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உங்கள் மனைவி அதைத் துண்டில் சுற்றித் தஞ்சாவூருக்குக் கொடுத்தனுப்பினார். தோல் உறையை முகத்தருகே கொண்டுபோனால் உங்கள் புகையிலை வாசனை இன்னும் அடிக்கிறது. சொல்ல வந்ததை இடையில் விட்டுவிடுவேனோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. அதனால் வழக்கம்போல் வரிசை போட்டுக்கொண்டு தொடங்குகிறேன்.

1. இன்று காலை முதல் உங்கள் வானொலியில் கேட்டவை.
2. புது நெல் ரகம் பற்றி நான் பேசிய வானொலிப் பேச்சும், அதில் வராமல்போன ஒரு பத்தியும்.
3. அந்தப் பத்தியை அடித்தவன் நான்தான் என்பது உங்களுக்குக் கடைசிவரை தெரியாமலே போனது.

முதலாவது. நாள் முழுக்க மூடாமல் கேட்பது என்று வைத்துக்கொண்டேன். நீங்கள் அப்படித்தான் கேட்பீர்கள். நன்னிலத்துக்குத் தெற்கே உங்கள் மோட்டார் கொட்டகை ஆணியில் அது காலையிலிருந்து தொங்கும். இந்திச் செய்தி ஓடும்போதும் நிறுத்த மாட்டீர்கள். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "புரியாட்டி என்னா ஆபீசரே, ஒருத்தரு நமக்காக உக்காந்து படிக்கிறாருல்ல. மூஞ்சில அடிச்ச மாதிரி பாதியில மூடலாமா?" என்றீர்கள்.

இன்று நாதசுரத்தில் தொடங்கியது. பிறகு பக்திப் பாடல்கள், செய்தி, ஒரு வயலின் கச்சேரி. மூட்டுவலி பற்றி ஒரு மருத்துவர் பேசினார். குறிப்பெடுக்கப் பேனாவைத் திறந்து வைத்தபடியே தூங்கிவிட்டேன். விழித்தபோது யாரோ இருவர் செயற்கைக்கோளைப் பற்றி உரையாடிக்கொண்டிருந்தார்கள். அதன்பின் நாட்டுப்புறப் பாடல், நாடகம், சினிமாப் பாட்டு. உட்கார்ந்து கேட்பதற்கே உடம்பு அலுக்கிறது. நீங்கள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே வரப்பும் வெட்டினீர்கள்.

மாலையில் வேளாண் நிகழ்ச்சி வந்தது. ஒருவர் உரத்தைப் பற்றி எழுதிவைத்ததை வாசித்தார். தப்பான இடங்களில் மூச்சு வாங்கினார். நானும் அப்படித்தான் வாசித்திருப்பேன். இரண்டாவதற்கு வந்துவிட்டேன்.

அப்போது நான் வேளாண் துறையில் உங்கள் பகுதிக்கு அலுவலர். புதிதாக வந்த ஒரு சம்பா ரகத்தை நான் சொன்னதற்காகவே நாலு மா நிலத்தில் நட்டீர்கள். பொங்கலுக்கு முன் மூன்று நாள் மழை. வயலில் நின்ற கதிரிலேயே நெல் முளைத்துவிட்டது. நான் வந்து பார்த்தபோது கதிரெல்லாம் பச்சைப் பச்சையாக முளை. நீங்கள் என்னைத் திட்டவில்லை. ஒரு கதிரை ஒடித்து என் கையில் கொடுத்து, "ரேடியோவுல பேசப் போறீங்கல்ல, இதையும் சொல்லிடுங்க. நம்ம வயலுன்னே சொல்லுங்க. இன்னொருத்தன் தப்பிச்சுக்கட்டும்" என்றீர்கள்.

எழுதினேன். அறுவடை நேரத்தில் மழை வந்தால் இந்த ரகம் கதிரிலேயே முளைக்கும் என்று, உங்கள் வயலையே உதாரணம் காட்டி, ஒரு முழுப் பத்தி. ஒலிப்பதிவுக்கு முந்தைய நாள் அதன்மேல் கோடு போட்டேன். யாரும் அடிக்கச் சொல்லவில்லை. மேலதிகாரி கேட்டால் என்ன சொல்வார் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் காரணம்.

பேச்சு ஒலிபரப்பான மாலை தெருவையே கூட்டி உட்காரவைத்தீர்களாம். மறுநாள் டீக்கடையில் நானும் இருக்கும்போதே ஒருவர், "என்னா மாமா, நம்ம வயலு ரேடியோவுல வருதுன்னீங்க, ஆபீசரு தாண்டிப் போயிட்டாரே" என்றார். "ஏழு நிமிசத்துல நம்ம வயலு அடங்குமாடா?" என்று சிரித்தீர்கள். வெளியே வந்ததும் நான் சொன்னேன்: "நிலையத்துல நேரம் பத்தலன்னு வெட்டிட்டாங்க."

"அப்படிங்களா. சரி, வாங்க, வெயிலு ஏறுது" என்றீர்கள்.

அடுத்த ஆண்டு கூத்தாநல்லூர்ப் பக்கம் ஒரு விவசாயி, ரேடியோவில் கேட்டுத்தான் நட்டேன் என்று முளைத்த கதிரோடு என் அலுவலகத்துக்கு வந்தார். அவரை உட்காரச் சொன்னேன். அடித்த பத்தியைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. அவர் வந்துபோனதை உங்களிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு முப்பது ஆண்டுக்கு மேல், தஞ்சாவூருக்குக் குடிவந்த பின்னும், வாரம் ஒருமுறையாவது அந்தக் கொட்டகையில் உங்களோடு உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் இன்று சொல்லிவிடலாம் என்று வருவேன். ஏதாவது நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும். முடியட்டும் என்று காத்திருப்பேன். முடிந்ததும் அடுத்தது தொடங்கிவிடும்.

இதுவரை எழுதி முடித்தபோது உங்கள் மனைவி போனில் கூப்பிட்டார்.

"ரேடியோ பாடுதா அண்ணே?"

"பாடுதும்மா. காலையிலேருந்து கேக்குறேன்."

இனி யாரிடம் சொல்வது என்று தோன்றியது. சொல்லிவிட்டேன். "அந்தப் பேச்சுல உங்க வயலப் பத்தி இருந்தத நிலையத்துல வெட்டலம்மா. நான்தான் அடிச்சேன்."

"அது அவருக்கு அன்னிக்கே தெரியுமேண்ணே" என்றார். "டீக்கடையிலேருந்து வந்ததுமே சொன்னாரு. நேரம் பத்தலன்னு வெட்டியிருந்தா, ஆபீசரு பேசி முடிச்சப்பறம் எதுக்கு ரெண்டு நிமிசம் வீணை வாசிச்சாங்கன்னு. பயந்துட்டாரு போலருக்கு, நீ எதுவும் கேட்டுடாதன்னாரு. நானும் கேக்கல."

பேச்சு சீக்கிரம் முடிந்தால் மிச்ச நேரத்தை இசையால் நிரப்புவார்கள். நாள் முழுக்க வானொலி கேட்கிறவருக்கு அது தெரியாதா? எனக்குத்தான் தோன்றவில்லை. ஒலிபரப்பான அன்று என் குரலைக் கேட்கக் கூச்சப்பட்டு, பேச்சு தொடங்கியதுமே எழுந்து வெளியே போய்விட்டேன்.

ஆகவே மேலே மூன்றாவதாக எழுதியது தவறு. உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே அத்தனை ஆண்டுகளும் எனக்கு உட்கார இடம் ஒதுக்கியிருக்கிறீர்கள். அந்த வரியை அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். வேண்டாம். எழுதியது எழுதியபடியே இருக்கட்டும்.