கோமு பொட்டு வைத்த கிரில்

செப்டம்பர் 8, திங்கள்

மதியம் தேங்காய்ப்பால் சொதி. உப்பு ஒரு கல் கம்மி. கோமுவிடம் சொன்னேன். வழக்கம்போல் ‘ம்’ என்றாள்.

மூன்று மணிக்குக் கூரியர். பெங்களூரிலிருந்து மகள் விஜயஸ்ரீ அனுப்பியது. போன மாதம் ரத்தம் பார்த்ததில் எனக்குக் கொலஸ்ட்ரால் கூடிவிட்டது. பொரித்தது எதுவும் ஆகாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அதற்கு மகள் கண்ட பரிகாரம் இந்தப் பெட்டி. கரண்ட் கிரில். மேலும் கீழும் வரிவரியாக இரண்டு நான்ஸ்டிக் தட்டு. நடுவில் வைத்து மூடினால் எண்ணெய்ச் சட்டி இல்லாமலே வெந்துவிடுமாம்.

கோமு பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். “அப்ப, அப்பாவுக்குக் கொழுப்பு ஏத்துனது அம்மாதான்னு எம்மவ சாமான் வாங்கி அனுப்பிச் சொல்லுதா.”

“எண்ணெய் நீ கொஞ்சம் கூடத்தானே...” என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்திருக்கக் கூடாது.

உத்தரவு உடனே வந்தது. இனி என் சாயங்காலப் பலகாரம் என் பொறுப்பு. செய்வதும் நான், கழுவுவதும் நான். பெட்டிக்கு அடுக்களையில் இடமில்லை. சாப்பாட்டு மேஜையோடு சரி.

செப்டம்பர் 9

விளக்கக் கையேடு முழுவதும் படித்தேன். முப்பத்தாறு பக்கம். துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு இதெல்லாம் ஒரு காகிதமா? முக்கியமானவற்றைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டேன். தண்ணீரில் முக்கக் கூடாது. கரண்டி படக் கூடாது. வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஈரத்துணியால் துடைக்க வேண்டும். நகலெடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டேன்.

செப்டம்பர் 12

முதல் ஆமவடை. மூடியை அமுக்கினேன், அப்பளமாகிவிட்டது. பாதி மேல்தட்டில், பாதி கீழ்தட்டில். துடைக்க முக்கால் மணி நேரம். வரிகளுக்கு நடுவே துணி போகவில்லை. விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சி ஒன்றை உருவி, பழைய வேட்டித் துணியைச் சுற்றி ஒவ்வொரு வரியாகத் துடைத்தேன். வாழ்க்கையில் நான் கழுவிய முதல் பாத்திரம் இதுதான் என்று நினைக்கிறேன். நன்றாகவே கழுவினேன்.

கோமு ஐந்து மணிக்கே தனக்கு மட்டும் ஆறு ஆமவடை பொரித்துத் தின்றுவிட்டாள். கேட்டால், “டாக்டரு ஒங்களத்தான சொன்னாக?”

செப்டம்பர் 17

ஆற்றில் குளித்துவிட்டு வருகிறேன், பின்கட்டில் கரகரவென்று சத்தம். பாத்திரம் தேய்க்க வரும் இசக்கித்தாய் கையில் கம்பி நார், மடியில் என் கிரில்.

“யம்மா, விடு அதை.”

“கருப்பா இருக்குல்லா அய்யா. பாத்திரம்னா வெளுக்காண்டாமா? இன்னும் ரெண்டு தேய் தேய்ச்சா வெளுத்துரும்.”

சுவரில் ஒட்டியதைக் காட்டினேன். அவள் கோமுவைப் பார்த்தாள். கோமு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் நடந்தது முழுக்கத் தெரிந்தும் தலை நிமிரவில்லை.

செப்டம்பர் 18

கீறல் ஒன்று. நக நீளம். இடது ஓரம்.

செப்டம்பர் 24

ரொட்டி நன்றாக வருகிறது. இருபுறமும் வரிவரியாகக் கோடு விழுகிறது. காலையிலேயே இரண்டு துண்டு வாட்டி வைத்திருந்தேன். கோமு எட்டிப் பார்த்துவிட்டு, “ரொட்டிக்குப் பட்டை போட்டாச்சு. நீங்க எப்ப குளிச்சு திருநீறு பூசப் போறிய?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

சிரித்துவிட்டேன். நாலு நாளைக்குப் பிறகு இன்றுதான் என்னோடு பேசியிருக்கிறாள்.

இதை எழுதித்தான் ஆக வேண்டும். பதினாறு நாளாக அவள் ஐந்து மணிக்குச் சாப்பிடுகிறாள், நான் ஏழு மணிக்கு. முன்பெல்லாம் நான் தட்டின் முன் உட்கார்ந்ததும் அவளும் உட்கார்ந்துவிடுவாள். தெருவில் உள்ள அத்தனை பேர் கதையும் அப்போதுதான் எனக்குத் தெரியவரும். இப்போது இந்தப் பெட்டியோடு தனியாக உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு இது பிடிக்கவில்லை. வடை இல்லாமல்கூட இருந்துவிடலாம்.

அக்டோபர் 1, ஆயுத பூசை

கோமு மிக்சி, கிரைண்டர், ஸ்கூட்டர், தோசைக்கல், அரிவாள்மனை எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். நான் கண்ணைத் திருப்பவே இல்லை. கடைசியில் மேஜைக்கு வந்தாள். கிரில்லையும் எடுத்துப் போய்ச் சாமி முன்னால் வைத்தாள்!

ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாக இருந்தது.

அக்டோபர் 2

நிம்மதி ஒரு நாள்கூட நிற்கவில்லை. காலையில் ரொட்டி வைத்து மூடினேன். கோயில் வாசனை வந்தது. அப்புறம் புகை. திறந்தால் ரொட்டியில் பட்டைக்கு நடுவே சிவப்பாகப் பொட்டு. மேலே மூன்று, கீழே மூன்று. தட்டில் சந்தனம் கருகி ஒட்டிக்கிடக்கிறது.

“உள்ளயா வைப்பாங்க?”

“வேல செய்யுதது உள்பக்கந்தான? அங்கனதான் வைக்கணும். மேல பளபளப்புல நிக்கவும் மாட்டேங்கு.”

“கோட்டிங் போச்சு. கையேட்டில அவ்வளவு தெளிவா...” கத்திவிட்டேன். ஆமாம், கத்தினேன்.

அவள் கத்தவில்லை. “முப்பத்து நாலு வருசமா என் தோசக்கல்ல ஒருநாள் தொட்டுத் தொடச்சது உண்டா? இந்தப் பெட்டிக்கு மட்டும் ஈர்க்குச்சி, வேட்டித் துணி.”

இல்லதான். ஒருநாளும் இல்ல. அதுக்காக இப்பிடிக் கேக்கணுமா? கேக்கணும்தான் போல.

அக்டோபர் 3

ஐந்து மணிக்கு அவள், ஏழு மணிக்கு நான்.

அக்டோபர் 9

வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கப் போனேன். “தலை சுத்தினா யாரு பிடிக்க?” என்று கோமுவையும் கூட்டிப்போனேன். அங்கே உட்கார்ந்திருந்த வேளையில் அவளுக்கும் எடுக்கச் சொல்லிவிட்டேன். அவளும் ஒன்றும் தின்னாமல்தான் வந்திருந்தாள். எனக்காகக் காத்திருந்தாளாம்.

அக்டோபர் 10

திருநெல்வேலியில் டாக்டரம்மா. எனக்கு நன்றாக இறங்கியிருக்கிறது. “என்ன செஞ்சீங்க சார்?” என்று கேட்டார். கிரில் துடைத்தேன் என்று சொல்ல வந்தேன்.

பிறகு கோமுவின் சீட்டைப் பார்த்தார். எனக்கு இருந்ததைவிட அவளுக்கு அதிகம்.

சந்தோஷப்பட்டிருக்கக் கூடாது. ஒரு நிமிஷம் பட்டேன். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கு ஒன்று என்றால் எனக்கு யார் இருக்கிறார்கள்? மாத்திரை, நடை, பொரித்தது கூடாது. எனக்குச் சொன்னது எல்லாம் அவளுக்கும்.

பஸ் சேரன்மகாதேவியைத் தாண்டியது. அப்புறம் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்: “அந்தப் பெட்டியில ஆமவட உருட்டா வருமா?”

“அமுக்காம பைய மூடினா வரும்.”

அக்டோபர் 13

கருகின சந்தனம் போய்விட்டது. அடுக்களை வாசலில் நின்றபடி கோமுதான் சொன்னாள், லேசாகச் சூடாக்கி, ஒரு துளி எண்ணெய் விட்டு, பாதி வெங்காயத்தால் தேய்க்கச் சொல்லி. தோசைக்கல்லுக்கு அவள் செய்வது அதுதானாம். முப்பத்தாறு பக்கத்தில் இது இல்லை.

கிரில்லுக்கு அடுக்களையில் இடம் கிடைத்தது, மிக்சிக்குப் பக்கத்தில்.

அக்டோபர் 15, புதன்

கடலைப்பருப்பு ஊறவைத்தது நான். அரைத்தது நான். வெங்காயம் நறுக்கிக் கண்ணீர் விட்டது நான். மூடியை அமுக்காமல் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டே நின்றேன். எட்டு வடை. எல்லாம் உருட்டு, எல்லாவற்றிலும் பட்டை. ஆறரை மணிக்கு இரண்டு தட்டு வைத்தேன். கோமு வந்து உட்கார்ந்தாள். ஒன்றைப் பிட்டு வாயில் போட்டு மென்றாள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

“உப்பு ஒரு கல்லு கம்மி” என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. மத்தியானம் முழுக்க நின்றவனிடம் சொல்ல வேறு வார்த்தையா இல்லை? வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் ஞாபகம் வந்தது, அது யாருடைய வாக்கியம் என்று.

‘ம்’ என்றேன்.

பிறகு உட்கார்ந்தேன். எதிர்வீட்டுக் கதை சொன்னாள். எட்டும் தீர்ந்தது. சூடு ஆறுவதற்குள் கிரில்லைத் துடைத்து வைத்தேன். தோசைக்கல்லையும்.