பதினோராம் கிலோமீட்டரில் வைத்த கற்கள்

நாள் 38. காலை 07.10
கலவை: நிலாத்தூள் நூற்றுக்கு 65, கந்தகம் 35. உருக்கும் வெப்பம் 130 டிகிரி. இன்று போட்ட நீளம் 400 மீட்டர். பதினான்கு கிலோமீட்டரும் முடிந்தது.

படிப்பவர் யாரென்று தெரியாது, அதனால் விவரமாக எழுதுகிறேன். என் பெயர் அருஞ்சுனை. சிவகாசியில் மூட்டை தூக்கி, பிறகு கந்தகம் விற்று, கடை வைத்து ஆளானவன். தண்ணீர் இல்லாத இடத்தில் சிமென்ட் இறுகாது. இங்குள்ள மண்ணிலேயே கந்தகம் எடுத்து, உருக்கி ஊற்றினால் ஆறியதும் கல்லாகிவிடும். இதைச் சொன்னபோது படித்தவர்கள் சிரித்தார்கள். பிறகு அவர்களே கூப்பிட்டு வேலையைக் கொடுத்தார்கள். நிலாவில் தளம் போட்ட முதல் சாலை இது. காகிதத்தில் 'சோதனைச் சாலை'.

மேல்முனையில் பனிச்சுரங்கம்; அங்கே பனி வெட்டும் குருபாதமும் வண்டி ஓட்டும் பெண்ணும் மட்டும். கீழ்முனையில் நானும் கலவை வண்டியும் ரேடியோ கோபுரமும். மருத்துவர் இருக்கும் தளம் மலைக்கு அந்தப் பக்கம். யார் யாரோடு பேசினாலும் என் கோபுரம் வழியாகத்தான்.

நாள் 40. 16.30
ஆய்வாளர் கையெழுத்துப் போடும்வரை வண்டி ஓடக்கூடாது என்பது விதி. அதனால் குறுக்கே கல் வரிசை வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். சுரங்க வண்டி ஓட்டும் தங்கபுஷ்பம், சாத்தூர்க்காரி, ரேடியோவில் கேட்டாள்:
"அண்ணாச்சி, கல்லு யாருக்கு? எனக்கா, போட்டோவுக்கா?"
"போட்டோவுக்குத்தாம்மா. ஒதுக்கி வச்சிட்டுப் போ. போனதும் பழையபடி வச்சிரு."
பழைய மண்தடத்தில் ஒன்பது மணி நேரம், என் சாலையில் ஒன்றரை. ஓடிக் காட்டினால்தானே சாலைக்குப் பெயர். இதுவரை ஆறு தடவை கல்லை ஒதுக்கிப் போயிருக்கிறாள்.

நாள் 44. 09.05
கலவை வண்டிக் கண்ணாடியில் மஞ்சளாக ஒரு படலம். துடைத்தேன். மறுபடி வருகிறது.

நாள் 46. 11.40
பதினோராவது கிலோமீட்டர். பூட்ஸ் குதிகால் சாலைக்குள் இறங்கியது. மேலே ஓடு மாதிரி ஒரு பொருக்கு, அடியில் வெறும் தூள்.

இங்கே சூரியன் உச்சிக்கு வராது, அடிவானத்தை ஒட்டியே சுற்றும். தரை குளிர்ந்தே கிடக்கும் என்று கணக்குப் போட்டோம். இந்த ஒரு சரிவு மட்டும் சூரியனுக்கு நேரே முகத்தைக் காட்டி நிற்கிறது. வெப்பம் 96 டிகிரி. காற்றில்லாத வெளியில் அந்தச் சூட்டுக்குக் கந்தகம் ஆவியாகிப் போய்க்கொண்டிருக்கிறது. சரிவை நான் முன்பே பார்த்தேன். பெரிதாக நினைக்கவில்லை. தப்பு என்னுடையது.

சரிவுக்கு மேலே மூன்று வரிசை கல் வைத்தேன், படம் எடுக்கவில்லை. கலவை வண்டியின் ரேடியோ வேலை செய்யவில்லை. கோபுரத்தில் போய்ச் சொல்ல இறங்குகிறேன்.

நாள் 46. 14.55
கோபுரத்துக்கு வந்துவிட்டேன். பேசும் கருவி செத்துவிட்டது. திறந்து பார்த்தால் செம்பு இணைப்புகள் எல்லாம் கரிக்கட்டை. கந்தகம் செம்பைத் தின்னும். என் கடையில் செம்புத் தராசுத்தட்டு வருஷத்துக்கு ஒன்று கறுத்துப் போகும், எனக்குத் தெரியாததில்லை. கேட்கும் கருவி மட்டும் ஓடுகிறது. கலவை வண்டியின் மோட்டாரும் வழியெல்லாம் திக்கித் திக்கி வந்து, இங்கே நின்றுவிட்டது. சுரண்டிப் பார்க்கிறேன்.

நாள் 46. 15.20
தங்கபுஷ்பத்தின் குரல்:
"அண்ணாச்சி, கெளம்பிட்டேன். குருபாதம் அண்ணனுக்குத் தொடை எலும்பு ஒடஞ்சுபோச்சு. டாக்டர்ட்டக் கொண்டு போறேன். அண்ணன் கத்துறது ஒங்களுக்கே கேக்குமே."
கேட்கிறது.
சுரண்டுகிறேன். பொறிகூட வரவில்லை.

15.41
"என்ன அண்ணாச்சி, மூணு வரிசை வச்சிருக்கீக! ஆய்வாளர் பெரிய ஆளோ? இருங்க, ஒதுக்கிட்டு வாரேன்."

கோபுரத்துக் கூரை விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தேன். நேர்ப்பார்வை, அங்கிருந்து தெரியும். இருபது தடவை, முப்பது தடவை.

"அந்தா பாருங்கண்ணே, அருஞ்சுனை அண்ணாச்சி லைட்டெல்லாம் போட்டு வரவேற்கிறாரு. ஒங்களுக்குத்தான் இந்த மரியாதை."

15.44
சத்தம். அப்புறம் அவள் மூச்சு மட்டும்.

15.58
வண்டி சரிவில் புதைந்து சாய்ந்துவிட்டது, கதவு மண்ணில் அமுங்கித் திறக்கவில்லை. வண்டி அறையில் விரிசல், காற்று ஒழுகுகிறது. ஒன்றரை மணி நேரம் தாங்கும் என்கிறாள். தனிக் காற்றுச் சிலிண்டர் ஒன்றுதான்: ஒருவருக்கு நான்கு மணி நேரம்.
"அண்ணாச்சி, பேச மாட்டீகளா? ரேடியோ போச்சோ?"
என் உடையில் இரண்டு மணி நேரக் காற்றுதான் பிடிக்கும். பதினோரு கிலோமீட்டர் ஏற்றம், மூன்று மணி நேரமாவது ஆகும். இரண்டு தடவை கதவைத் திறந்தேன். இரண்டு தடவையும் மூடினேன். வண்டி வந்து சேரவில்லையே என்று தளத்தில் தேடிப் புறப்பட்டு வர ஐந்து மணி நேரம்.

16.20
அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.
"அண்ணாச்சி, ரேடியோ இல்லாட்டியும் லைட்டு இருக்குல்ல. வர்றீகன்னா ஒரு தடவ போடுங்க. சிலிண்டர ஆளுக்குப் பாதி மூச்சு விட்டுக்கிட்டுக் கெடக்கோம். வர முடியாதுன்னா ரெண்டு தடவ போடுங்க. முழுசையும் அண்ணனுக்கு மாட்டிவிட்டுர்றேன். அவுகளுக்குப் பிள்ளைக இருக்கு. யோசிக்காதீக, வியாபாரி மாதிரி சொல்லுங்க."
பின்னால் குருபாதம்: "அடி போடி பைத்தியக்காரி, ரெண்டு பேருக்கும் பாதிதான்."

ஆளுக்குப் பாதி என்றால் மூன்றரை மணி நேரம். இருவரும் போவார்கள். ஒருவருக்கு முழுசும் என்றால் ஐந்தரை. ஒருவர் பிழைப்பார். எந்த ஒருவர் என்பதை என் கையால் சொல்ல வேண்டும். ஆயுளில் யாரிடமும் இல்லாததை இருக்கிறதென்று சொல்லி விற்றதில்லை. இரண்டு தடவை.

16.27
ஒரு தடவை போட்டேன். அணைத்தேன்.
மறுபடி அழுத்தினேன். எரியவில்லை.
மூடியைப் பிய்த்துப் பார்த்தேன். இணைப்பு கறுத்துப்போய்க் கிடக்கிறது.

"ஒண்ணு! ஒண்ணுதான்! வாராருண்ணே, அண்ணாச்சி வாராரு! நான் சொன்னேன்ல! இந்தாங்க, மொதல்ல நீங்க மூச்சு விடுங்க..."

16.40
அழுத்திக்கொண்டே இருக்கிறேன்.

16.52
பாட்டுப் பாடுகிறார்கள். அவர் சுதி தப்புகிறது என்று அவள் திட்டுகிறாள்.

17.15
"எங்க வந்துட்டீக அண்ணாச்சி? அஞ்சாவது கிலோமீட்டர் இருக்குமா?"

அழுத்துகிறேன். எரியவில்லை.