பெரிய ற

மேடம், குடவாசல் பேருந்து நிலையச் சுவரில், பசை வாடை இன்னும் போகாத போஸ்டரில் நீங்கள் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். பட்டுப்புடவை, பெரிய கண்ணாடி, பக்கத்தில் எரிகிற குத்துவிளக்கு. மேலே 'கண்ணீர் அஞ்சலி'. கீழே கொட்டை எழுத்தில் 'ஆழ்ந்த இறங்கல்'. இவண், முன்னாள் மாணவர்கள். செத்தவருக்கு இரங்குவதென்றால் சின்ன ர. உங்களுக்குப் பெரிய ற போட்டு, பேருந்திலிருந்து இறக்கிவிட்டிருக்கிறார்கள். வேலைக்குப் போகிற வழியில் நின்று நன்றாகப் பார்த்தேன். வயிறு குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

என்னை உங்களுக்கு நினைவிருந்திருக்காது. உங்கள் நர்சரிப் பள்ளியில் எல்கேஜி படித்த கயலின் அம்மா. பத்திர எழுத்தரிடம் தட்டச்சு செய்கிறவள். கயல் அப்போது வாய் ஓயாத பிள்ளை. பள்ளி விட்டு வந்ததும் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே கதை சொல்வாள். எங்கள் கொல்லைக்குப் பின்னால் வயலில் நின்ற கொக்கு, டிராக்டர் சத்தம் பொறுக்காமல் கும்பகோணம் பஸ்ஸில் ஏறிவிட்டது. கண்டக்டர் டிக்கெட் கேட்டார். "எங்கிட்ட மீனுதான் இருக்கு" என்றது கொக்கு. அந்தக் கதை வாரக்கணக்கில் ஓடியது. "கொக்கு எங்கடி இறங்கிச்சு?" என்று கேட்டால், "இரும்மா, இன்னும் நாச்சியார்கோயிலே வரல" என்பாள்.

அப்போதுதான் பெற்றோர் கூட்டத்தில் என்னை எழுப்பி நிறுத்தினீர்கள். "உங்க பொண்ணு கிளாஸ்ல தமிழ்ல வளவளன்னு பேசுறா. வீட்டுலயும் இங்கிலீஷ்லயே பேசுங்க. ரெண்டு மொழி வச்சா ரெண்டுமே வராது. நல்லதுக்குத்தான் சொல்றேன்."

நான் நம்பினேன். படித்தவர், பள்ளி நடத்துகிறவர் சொன்னால் யார் நம்பாமல் இருப்பார்கள்? ஆனால் என்னிடம் இருந்த இங்கிலீஷ் எவ்வளவு? கம். சிட். ஈட். டோன்ட். அதட்டுகிற சொற்கள் மட்டும். கொக்கைப் பற்றிக் கேட்க எனக்கு இங்கிலீஷ் இல்லை. தமிழில் அவள் ஆரம்பித்தால், "நோ தமிழ்" என்று வாயைப் பொத்தினேன். கொஞ்ச நாளில் அவளே ஆரம்பிப்பதை விட்டுவிட்டாள். பிறகு பேசுவதையே விட்டுவிட்டாள். தண்ணீர் வேண்டுமென்றால் சொம்பைக் காட்டுவாள்.

நீங்கள் என்ன செய்தீர்கள்? ஆண்டு விழாவில் மேடையேற்றி, அமைதியான பிள்ளை என்று அவளுக்கு மெடல் குத்தினீர்கள். அடுத்த வருஷமே, "பேச்சே வரல, டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று அனுப்பினீர்கள்.

கும்பகோணத்து டாக்டர் அவளிடம் எதையும் கேட்கவில்லை, என்னிடம் கேட்டார். "வீட்டுல என்னம்மா பேசுறீங்க?" சொன்னேன். பேனாவை மூடிவைத்தார். "பேச்சு நின்னுபோனது புள்ளைக்கு இல்லம்மா, உங்களுக்கு. உங்களுக்கு எது வாயில வருதோ அதுல பேசுங்க. இங்கிலீஷ் அது பின்னாடியே வரும்."

மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தபோது, "கவர்மென்ட் ஸ்கூல்ல சேத்து வீணாக்கப் போறீங்க" என்று நீங்கள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. அதே அரசுப் பள்ளி டீச்சர்தான் அவளை மடியில் உட்கார வைத்து, அவள் ஒரு வார்த்தை சொல்கிறவரை காத்திருந்தார். நான் பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் சுவரைப் படித்துக் காட்டினேன். நம் ஊர்ச் சுவரில் அஞ்சலிக்குப் பஞ்சமா? "இரங்கல்னா அழுகை, அதுக்குச் சின்ன ர. பஸ்ஸுலேருந்து இறங்க பெரிய ற." என் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படித்தது செத்தவர்களின் சுவரில்தான் மேடம்.

போன வாரம் உங்கள் பழைய மாணவர் அஷ்ரப், செல்போன் கடை வைத்திருப்பவர், போஸ்டர் மாதிரியை என்னிடம் காட்டினார். "அக்கா, தமிழ் எனக்குத் தடுமாறும். ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க." உங்களிடம் படித்தவருக்குத் தடுமாறாமல் என்ன செய்யும். பார்த்தேன். அந்தப் பெரிய ற என்னையே பார்த்தது. "நல்லா இருக்கு தம்பி, அடிக்கக் கொடுத்துருங்க" என்றேன். பாவம் அவர், நல்ல மனிதர். அவரிடம் வேண்டுமானால் மன்னிப்புக் கேட்பேன்.

சனிக்கிழமை கயல் தஞ்சாவூர்க் கல்லூரியிலிருந்து வந்தாள். இங்கிலீஷ் மணிமணியாகப் பேசுகிறாள், உங்கள் தயவு இல்லாமல். வந்ததும் சொன்னாள், "அம்மா, மேடம் போஸ்டர்ல பெரிய ற போட்டிருக்காங்க. நீ பாக்கலியா?"

"பாத்தேன். அடிக்கிறதுக்கு முன்னாடியே பாத்தேன்."

"சொல்லியிருக்கலாம்லம்மா. பாவம், செத்துப் போனவங்க."

அவளுக்கு இரக்கம் வருகிறது, வரட்டும். அவளை அப்படித்தான் வளர்த்தேன். எனக்கு வரவில்லை.

சோறு போடும்போது கேட்டேன். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எத்தனையோ முறை கேட்டதுதான். "அந்தக் கொக்கு எங்கடி இறங்கிச்சு?"

"எந்தக் கொக்கும்மா?"

பதினைந்து வருஷமாக அது என்னோடு அந்த பஸ்ஸிலேயே வந்துகொண்டிருக்கிறது, மேடம். நீங்கள் மட்டும் இறங்கிவிட்டீர்கள்.