திட்டினாலும் எரியும் விளக்கு

யிச்சாங்,
ஜூலை மாதம், திங்கட்கிழமை

அன்பு மகள் லிங்யுனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் என் முழங்காலும் சுகம், ஆற்றுக் காற்று இருந்தும் வெயில் தாளவில்லை, அங்கே ஸ்டுட்கார்ட்டில் நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் நீ நடுவில் புகுந்துவிடுகிறாய், இல்லையென்றால் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தில் நடுவில் புக முடியாது அல்லவா, அதனால் உட்கார்ந்து முழுதாகப் படி.

உன் பெரியப்பா மகன் வென்போ அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டுத்தானே நேற்று அவ்வளவு கத்தினாய். ஒரு மனிதர் நின்று திட்டுகிறார், பன்னிரண்டு பெண்கள் அந்தத் திட்டுக்கு ஆடுகிறார்கள், முதல் வரிசையில் உன் அம்மா, மானம் போகிறது என்றாய். அந்த வீடியோ பாதியில் தொடங்குகிறது. முன்னால் நடந்ததையும் தெரிந்துகொள். நம் குடியிருப்பு முற்றத்தில் பெண்கள் நாங்கள் சாயங்காலம் ஆடுவது உனக்குத் தெரியாததல்ல. பிள்ளைகளுக்குப் பெரிய பரீட்சை வந்தபோது யாரும் சொல்லாமலே நாங்கள் ஸ்பீக்கரை மூடி வைத்தோம். பரீட்சை முடிந்து பிள்ளைகளே வந்து எங்களோடு ஆடினார்கள். ஆனால் மூன்றாம் மாடி கொங், வீடியோவில் திட்டுகிறாரே அவர், அவருக்கு மட்டும் பொறுக்கவில்லை. அவர் வீட்டில் பரீட்சை எழுதும் பிள்ளையும் இல்லை, கைக்குழந்தையும் இல்லை, அவர் டிவி மட்டும் தெருமுனை வரை கேட்கும். அவர் மனு மேல் மனு கொடுத்து, கடைசியில் குடியிருப்போர் குழுவிலிருந்து தாவ் என்ற பெண் வந்தாள். பாவம், நல்ல பெண். “ஆடக் கூடாதுன்னு நான் சொல்லலை அத்தை, பாட்டுச் சத்தம் வெளியே கேட்கக் கூடாது, அவ்வளவுதான்” என்றாள். சத்தம் இல்லாமல் என்ன ஆட்டம் என்று எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்பது கொங்கின் கணக்கு.

முதலில் எல்லோரும் இயர்போன் மாட்டிப் பார்த்தோம். ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு நேரத்தில் பாட்டை அமுக்கினால் என்ன ஆகும், முள்ளங்கி வடை விற்கும் லூவோ அக்கா இடது பக்கம் வர, நான் வலது பக்கம் போக, இருவர் நெற்றியும் வீங்கியது. மாடியிலிருந்து கொங் கைதட்டினார். அன்றைக்குத்தான் எனக்கு வீம்பு பிடித்தது. பாட்டுக்கு ஏற்ப எல்.இ.டி. விளக்குகள் மின்னும் கருவியை நாமே ஈயம் வைத்துச் சேர்த்துக்கொள்ளச் சாமான்கள் ஒரு பொட்டலமாகக் கிடைக்கின்றன என்று லூவோ அக்கா பேரன் சொன்னான், வாங்கினேன். காதுக்குப் பாட்டு வேண்டாம், கண்ணுக்குத் தாளம் தெரிந்தால் போதும் என்பது என் யோசனை. உன்னிடம் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா. “சூட்டுக்கோல் வச்சு ஈயம் உருக்குற வயசாம்மா இது, கையைச் சுட்டுக்காதே, பேசாம டிவி பாரு” என்றாய். இன்ஜினியர் மகளைப் பெற்றவள் நான், ஒரு வார்த்தை சொல்லித் தரமாட்டாயா என்று அன்று எனக்கு அழுகையே வந்தது.

கையைச் சுட்டுக்கொண்டது உண்மைதான், இரண்டு இடத்தில். பேட்டரியோடு விளக்கை நேராகச் சேர்த்து ஒன்றைக் கருக்கினேன், நடுவில் ரெசிஸ்டர் போட வேண்டும் என்று அதற்கப்புறம்தான் படித்தேன். இன்னொரு வரிசை எரியவே இல்லை, பார்த்தால் விளக்கின் நீளக்கால் போக வேண்டிய இடத்தில் குட்டைக்காலை வைத்து ஈயமும் வைத்துவிட்டேன். எல்லாவற்றையும் பிரித்து மறுபடி வைத்தேன். உள்ளே பொட்டு மாதிரி ஒரு மைக் இருக்கிறது, அதற்குக் கேட்பது துளிதான், அதை டிரான்சிஸ்டர் வாங்கிப் பெரிதாக்கி விளக்குக்குக் கொடுக்கிறது, நாம் காதோடு சொன்னதை லூவோ அக்கா தெருவுக்கே சொல்வாளே அந்த மாதிரி. எவ்வளவு சத்தத்துக்கு எரிய வேண்டும் என்பதற்கு ஒரு சின்னத் திருகும் உண்டு. போனையும் மைக்கையும் பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்து, துண்டைச் சுற்றி மூடினேன், விளக்குச் சரத்தைத் துணி காயப்போடும் கம்பில் கட்டினேன். டப்பாவுக்குள் பாட்டு, வெளியே ஒரு முணுமுணுப்புகூட இல்லை, கம்பு முழுக்கச் சிவப்பாகத் துள்ளுகிறது. ஆடினோம் மகளே, ஒருத்தி கால்கூடத் தப்பவில்லை.

கொங் சத்தத்துக்குக் காத்திருந்து பார்த்துவிட்டு, செருப்பைத் தேய்த்துக்கொண்டு இறங்கி வந்தார். டப்பாவைத் திறந்து, போனைப் பிடுங்கி அணைத்து, டப்பாவை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டு, “வயசான காலத்துல வெட்கமில்லை? வீட்டுல அடக்க ஆளில்லாம ஆடுறீங்களா” என்று ஆரம்பித்தார். பாட்டு நின்றது, ஆனால் டப்பாவிலேயே இருந்த மைக்குக்குப் பாட்டென்றும் கொங்கென்றும் தெரியுமா. வெட்கத்துக்கு ஒரு மின்னல், வீட்டுக்கு ஒரு மின்னல். கம்பைப் பார்த்து ஆடிப் பழகிய கால்கள், தானாகவே நகர்ந்தன. சத்தியமாக முதல் இரண்டு அடியை நாங்கள் வேண்டுமென்று வைக்கவில்லை. மூன்றாவது அடியை வேண்டுமென்றுதான் வைத்தேன். அவர் வாயை மூடினார், விளக்கு அணைந்தது, நாங்கள் தூக்கிய காலைத் தூக்கியபடியே நின்றோம். “என்ன இது” என்றார், ஒரு மின்னல், ஒரு அடி. “நல்லா தாளம் வருது கொங் அண்ணே, இன்னும் கொஞ்சம் திட்டுங்க, அடுத்த வரிசை வரணும்” என்றாள் லூவோ அக்கா. அவர் மறுநாள் போய் மனு கொடுத்தார். தாவ் அதைப் படித்துவிட்டு, முற்றத்தில் சத்தம் போட்டது யார் என்று மட்டும் கேட்டாளாம். அன்றிலிருந்து மனு இல்லை.

இனி நேற்றைய பேச்சுக்கு வருகிறேன். வீட்டை மூடிவிட்டு இலையுதிர் காலத்தோடு அங்கே வந்துவிடு, டிக்கெட் போடுகிறேன் என்று கத்தினாய். போனை மேசையில் ஸ்பீக்கரில் வைத்திருந்தேன், பக்கத்தில் டப்பா திறந்தபடி இருந்தது. பொய் சொல்வானேன், உன் பேச்சை நான் கேட்கவில்லை, விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கொங்கைவிட உனக்கு நன்றாக எரிந்தது. பிறகு நீ போனை வைக்கவும் இல்லை, விளக்கும் எரியவில்லை. என்னவென்று குனிந்து காதை வைத்தேன். “உனக்கு ஏதாவது ஆனா யாரும்மா கதவைத் தட்டுவா” என்று மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தாய்.

அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். டிக்கெட் போடாதே, நான் வரமாட்டேன். ஒரு சாயங்காலம் நான் கம்பைத் தூக்கிக்கொண்டு இறங்காவிட்டால் பதினொரு பேர் வந்து என் கதவைத் தட்டுவார்கள், லூவோ அக்கா தட்டினால் கதவே பெயர்ந்துவிடும். கொங்கும் இறங்கி வருவார், திட்டவாவது. உனக்குப் பயம் என்றால் பயம் என்று சொல், மானத்தை ஏன் இழுக்கிறாய். ஆட்டம் நிற்காது. இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக, மனம்விட்டுச் சிரித்து நெடுநாள் இருங்கள். காலையில் வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய். கத்தத் தேவையில்லை, அந்தச் சின்னத் திருகை நன்றாகத் திருப்பி வைத்திருக்கிறேன், நீ மெல்லப் பேசினாலும் இனி எரியும்.

இப்படிக்கு,
முதல் வரிசையில் ஆடும் உன் அம்மா,
பெங் சூஹுவா