ஓமுத்தாவில் தெரியாத மலை

நேற்று என் மகள் சென்னையிலிருந்து ஒரு வீடியோ அனுப்பினாள். ஏதோ ஜப்பான் ஊர், மேளச் சத்தம் நிறைந்த தெரு. தேர் மாதிரி இழுத்து வரும் வண்டியின் மேல் பெரிய பாம்புத் தலை, வாயிலிருந்து தீப்பொறி பறக்கிறது. பொறி அடங்கியதும் ஒருவர் கைக்குழந்தையைத் தூக்கி அந்த வாய்க்குள் நீட்டுகிறார். குழந்தை வீறிடுகிறது, பெற்றவள் சிரிக்கிறாள். கீழே மகள் எழுதியிருந்தாள்: "அம்மா, ஆன்ட்டி சொன்ன ஓமுத்தா திருவிழா இதானே?"

இதேதான்.

அந்த ஆன்ட்டி நீதான். உன்னை நினைத்தால் எனக்கு முதலில் வருவது எரிச்சல். நீ இறந்த பிறகும் அது குறையவில்லை. சுரங்கத்திலிருந்து மெஷின் பயிற்சிக்காக உன் வீட்டுக்காரரை ஒரு மாதம் ஜப்பானில் ஓமுத்தா என்ற அந்தச் சின்ன ஊருக்கு அனுப்பினார்கள், நீயும் கூடப் போனாய். அந்த ஒரு மாதத்தை வைத்துக்கொண்டு எங்கள் பிளாக்கை எத்தனை வாரம் வதைத்தாய்! யாராவது கத்தரிக்காயை அழுத்திப் பார்த்தால், "அங்கல்லாம் இப்படித் தொடவே மாட்டாங்க." பஸ் தாமதமானால், "அங்கல்லாம் செகண்ட் கணக்கு." ஜன்னலைத் திறந்தால் ஃபுஜி மலையாம். வாசலில் செர்ரிப் பூ கொட்டிக் கிடக்குமாம், பெருக்கவே மனசு வராதாம். எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். நான் புவியியலில் எம்.ஏ. நீ போனது ஆடி மாதம், செர்ரி பூப்பது பங்குனியில். பொய் சொல்வதற்கும் கொஞ்சம் படிப்பு வேண்டும்.

அந்த வருடம் உன் வீட்டுக் கொலுவில் ஒரு படி முழுக்க ஜப்பான். பஞ்சு ஒட்டிய ஃபுஜி, இரண்டு விசிறி, தலையாட்டும் பொம்மை. சுண்டல் வாங்க வந்த அத்தனை பேர் முன்னாலும் நீ ஒரு கைக்குட்டையைப் பிரித்தாய். உள்ளே பச்சை பூசிய காகிதச் செதில், உள்ளங்கை அளவு.

"இந்தா, உன் பொண்ணுக்குத்தான். திருவிழா முடிஞ்சதும் பாம்பைப் பிரிச்சிடுவாங்க. ஆளுக்கொரு துண்டு எடுத்துட்டுப் போய் வாசல்ல மாட்டுவாங்க, நோய் அண்டாதாம். கூட்டத்துல புகுந்து புடுங்கிட்டு வந்தேன். வீசிங் வர்ற பிள்ளையாச்சே."

காயப்போட்ட வெள்ளைத் துணியில் கரி படியும் ஊரில், ஐந்து வயதில் என் மகள் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். அவள் நோயையும் நீ சுண்டலோடு சேர்த்து விநியோகித்தாய் என்றுதான் எனக்குப் பட்டது.

"பாம்பு வாயில பிள்ளைய வைப்பாங்களா?" என்றாள் எதிர்வீட்டு மாலதி.

"ஆமாப்பா, அது கடிச்சா நல்லதாம்."

"இருங்க" என்று வீட்டுக்குப் போய் அட்லஸை எடுத்து வந்தேன். ஓமுத்தா தென்மேற்குக் கோடியில் ஒரு தீவில். ஃபுஜி எங்கோ கிழக்கே. இரண்டுக்கும் நடுவே பேனாவால் நீளமாக ஒரு கோடு இழுத்தேன். "நம்ம மொட்டை மாடியில நின்னா கோவா பீச் தெரியுமா? அப்ப இதுவும் தெரியும். செர்ரிப் பூ, ஆடி மாசத்துல! இந்தச் செதிலும் அதே சரக்குதான்."

"அடிப்பாவி, இத்தனை நாள் எங்களைச் சுத்தல்ல விட்டிருக்கியே!" என்று மாலதி கத்தினாள். ஹால் முழுக்கச் சிரிப்பு. நீ பஞ்சு மலையை எடுத்துப் படிக்குப் பின்னால் வைத்தாய். நான் செதிலை என் வீட்டுக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அதன்பிறகு நமக்குள் தலையசைப்பு மட்டும்தான். உன் வீட்டுக்காரருக்கு ரிட்டயர்மென்ட் வந்தது, குவார்ட்டர்ஸைக் காலி செய்து பண்ருட்டிப் பக்கம் போனீர்கள். உன் சாவுக்கு வந்தேன். பத்து நிமிஷம் நின்றேன்.

நேற்று அந்த ஊரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, நான் வசதியாக மறந்திருந்த ஒன்று நினைவுக்கு வந்தது. நீ திரும்பி வந்த முதல் வாரம், பால் பூத் வரிசையில் நீ சொன்னதே வேறு.

"நம்மூர் மாதிரியேதான்ப்பா. கரிச் சுரங்கத்து ஊரு, இப்ப மூடிட்டாங்க. முன்னாடி ஜெயில் கைதிங்களை விட்டு வெட்டியிருக்காங்க, பாவம். கடல் ஒரே சேறு. தண்ணி அவ்ளோ தூரம் உள்ள போயிடுது. கப்பல் நிக்கணுமே, அதுக்காக ஹார்பர்ல கதவு போட்டுத் தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்காங்க!"

உன் கண்கள் அப்படி விரிந்திருந்தன. நான்தான் சொன்னேன்: "கரியையும் சேத்தையும் பாக்கவா ஜப்பான் போன? கதவு போட்ட கடலா? நல்லா கதை விடுற." வரிசையே சிரித்தது. அடுத்த வாரம்தான் உன் ஜன்னலில் ஃபுஜி முளைத்தது.

கைதிகள், சேறு, கதவு, பாம்பு. எல்லாம் உண்மை.

மகளுக்கு "இதுதான்" என்று பதில் போட்டேன். உடனே ஒரு படம் வந்தது. அவள் அறைக் கதவின் உள்பக்கம், வெளுத்துப்போன பச்சைச் செதில். "நீ தூக்கிப் போட்டதும் நான் எடுத்து கலர் பென்சில் டப்பாவுல வச்சிட்டேன்மா."

வீசிங் செதிலால் போகவில்லை, இந்த ஊரை விட்டுப் போனதால் போயிற்று. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஃபுஜியும் பொய்தான், மட்டமான பொய்.

அட்லஸ் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கோடும் அழியவில்லை. அது தொடங்கும் இடத்தில், ஓமுத்தாவை ஒட்டிய கடலுக்கு வெளிர்நீலம் அடித்திருக்கிறார்கள். ஆழமில்லாத கடல் என்று அர்த்தம், நீ சொன்ன அதே சேற்றுக் கடல். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அன்று என் பேனா முனை அதன் பக்கத்தில்தான் ஊன்றி நின்றது. நான் மலையைத் தேடிப் போய்விட்டேன்.